ஓட்டு இல்லாத பிரதிநிதி: அமெரிக்க டெலிகேட்டின் வேலையை எப்படிப் படிப்பது?

2021 ஜனவரி 13. அதிபர் டிரம்ப் மீது இரண்டாவது முறையாகப் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 232, எதிர்ப்பு 197. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் செனட்டில் நடந்த விசாரணையில் சபையின் சார்பாக வாதாட ஒன்பது பேரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டேசி பிளாஸ்கெட். முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தவர். ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றம் கூடும் கேபிட்டல் கட்டடம் தாக்கப்பட்ட காட்சிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, அடுக்கடுக்காக அவர் வாதிட்டதைப் பலரும் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

சரி, இப்போது ஜனவரி 13ஆம் தேதியின் வாக்கெடுப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்கெட்டின் பெயர் அதில் இருக்காது. ஆதரித்தவர்களிலும் இல்லை, எதிர்த்தவர்களிலும் இல்லை, சபைக்கு வராதவர்களிலும் இல்லை. அவர் அமெரிக்க விர்ஜின் தீவுகளின் டெலிகேட். எந்தத் தீர்மானத்துக்காக செனட்டில் வாதாடினாரோ, அந்தத் தீர்மானத்தில் அவருக்கு ஓட்டே கிடையாது.

இந்தப் பதவியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "ஓட்டே இல்லாதவர், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்" என்பது ஒன்று. "எல்லா எம்.பி.யும் மாதிரிதான், பெயர்தான் வேறு" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. தமிழில் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடிவிடுகிறது, ஏனென்றால் ஓட்டு உள்ளவரையும் இல்லாதவரையும் நாம் "பிரதிநிதி" என்றே எழுதுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் ஓட்டு உள்ளவர் "உறுப்பினர்", ஓட்டு இல்லாதவர் "டெலிகேட்".

வாடகைக்கு இருப்பவர் மீட்டிங்குக்கு வந்தால்

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரக் கூட்டம். வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத்தான் ஓட்டு. ஆனால் பத்து வருஷமாக வாடகைக்கு இருப்பவரும் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்க்க ஒரு கமிட்டி போட்டால் அதில் அவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். போர்வெல்காரரிடம் பேசுவதும், மூன்று கொட்டேஷன் வாங்குவதும், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்குப் போடுவதும் அவர்தான். கமிட்டிக்குள் எது சரி என்று முடிவெடுக்கும்போது அவர் கையும் எண்ணிக்கையில் சேரும். கடைசியில் பொதுக்கூட்டத்தில் "இந்தச் செலவுக்குச் சம்மதமா?" என்று கேட்கும்போது மட்டும் அவர் கையைத் தூக்க முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் சொந்தக்காரர் தூக்கலாம்.

டெலிகேட்டின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. வாடகைக்காரர் வேறு வீட்டுக்கு மாறிப்போகலாம், சொந்தமாகவும் வாங்கலாம். வாஷிங்டன் நகரமோ குவாம் தீவோ அப்படி மாறிப்போக முடியாது.

நம் நாடாளுமன்றத்திலும் இதற்குக் கொஞ்சம் நெருக்கமான ஏற்பாடு இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருக்கும் அமைச்சர் மக்களவையில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. 2008 ஜூலையில் மன்மோகன் சிங் மக்களவையில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தபோது அந்தத் தீர்மானத்தில் அவருக்கே ஓட்டு இல்லை, ஏனென்றால் அவர் மாநிலங்களவை உறுப்பினர். ஆனால் அவருக்கு மாநிலங்களவையில் ஓட்டு இருந்தது. டெலிகேட்டுக்கு அப்படி இன்னொரு அவை கிடையாது.

435 பேர், அப்புறம் ஆறு பேர்

பிரதிநிதிகள் சபையில் ஓட்டு உள்ள உறுப்பினர்கள் 435 பேர். இவர்கள் 50 மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். இவர்களைத் தவிர ஆறு பேர் சபையில் உட்காருகிறார்கள். தலைநகர் வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க விர்ஜின் தீவுகள், அமெரிக்க சமோவா, வடக்கு மரியானா தீவுகள் ஆகியவற்றிலிருந்து ஆளுக்கு ஒருவர். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருபவரை மட்டும் "ரெசிடென்ட் கமிஷனர்" என்பார்கள், அவருடைய பதவிக்காலம் நான்கு வருஷம். மற்ற ஐந்து பேருக்கும் இரண்டு வருஷம். சம்பளம் எல்லா உறுப்பினர்களுக்கும் உள்ளதேதான்.

செனட்டில் இந்த ஆறு இடங்களுக்கும் யாருமே இல்லை. ஆக, இவர்கள் சார்பாக அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருப்பது இந்த ஒரே நாற்காலிதான்.

"இதெல்லாம் சின்னச் சின்ன ஊர்கள்தானே?" என்று தோன்றலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வாஷிங்டன் டி.சி.யில் 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர். வயோமிங்குக்கு ஓட்டு உள்ள ஒரு உறுப்பினரும் இரண்டு செனட்டர்களும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் சுமார் 33 லட்சம் பேர். 33 லட்சம் பேருக்கு ஓட்டு இல்லாத ஒரே ஒரு ஆள்.

டெல்லிக்கு மக்களவையில் 7 இடம், புதுச்சேரிக்கு 1 இடம், எல்லோருக்கும் ஓட்டு என்றே பழகியவர்கள் நாம். அதனால் ஒரு நாட்டின் தலைநகரத்து மக்களுக்கே ஓட்டு உள்ள உறுப்பினர் இல்லை என்பது நமக்குச் சட்டென்று பிடிபடாது. வாஷிங்டன்காரர்கள் மத்திய வருமான வரியை முழுசாகக் கட்டுகிறார்கள். அவர்களுடைய கார் நம்பர் பிளேட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி" என்ற வாசகம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசரை எதிர்த்து அமெரிக்கா பிறந்தபோது எழுந்த முழக்கம் அது. நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கும் கார்களிலேயே அதைப் படிக்கலாம்.

இதுவரை பார்த்தது: டெலிகேட்டை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் சபையில் உட்காருகிறார், உறுப்பினர்களுக்கு உள்ள சம்பளம் வாங்குகிறார். சபையின் இறுதி வாக்கெடுப்பில் அவர் இல்லை.

ஏன் ஓட்டு இல்லை?

எல்லாம் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்களை "மாநிலங்களின்" மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. மாநிலமாக இல்லாத இடத்துக்கு உறுப்பினர் இல்லை. டெலிகேட் என்ற பதவி அரசியலமைப்பில் இல்லை, நாடாளுமன்றம் போட்ட சட்டங்களால் வந்தது.

அந்தச் சட்டங்களின் வேர் 1787இல் இருக்கிறது. ஓஹையோ நதிக்கு வடமேற்கே இருந்த நிலப்பகுதியை ஆள்வதற்கு அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். அந்தப் பகுதி மாநிலமாக வளரும்வரை ஒருவரை அனுப்பலாம், அவர் விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது என்று அதில் எழுதினார்கள். 1794இல் பின்னாளில் டென்னசி ஆன பகுதியிலிருந்து ஜேம்ஸ் ஒயிட் என்பவர் முதல் டெலிகேட்டாக வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இது ஒரு காத்திருப்பு அறைதான். இன்று டெலிகேட், நாளை மாநிலம். காத்திருந்த நேரத்திலும் சிலர் பெரிய காரியங்களைச் செய்தார்கள். வடமேற்குப் பகுதியின் டெலிகேட் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1800இல் ஒரு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசு நிலத்தைக் குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும் என்று இருந்ததை அது 320 ஆக்கியது, தவணையில் பணம் கட்டவும் வழி செய்தது. கையில் காசு குறைவாக இருந்த குடியானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவு! அவர் பின்னால் அதிபரானார். ஹவாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் கூஹியோ 1903 முதல் 1922இல் இறக்கும்வரை டெலிகேட்டாக இருந்தார். ஹவாயின் பூர்வகுடி மக்களுக்குச் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கிய 1921ஆம் ஆண்டுச் சட்டம் அவர் போராடிக் கொண்டுவந்தது. ஹவாயை மாநிலமாக்கக் கோரும் மசோதாவை 1919இல் முதலில் வைத்தவரும் அவரே. மாநிலமானது 1959இல்.

இன்றைய ஆறு இடங்களுக்கு அந்தக் காத்திருப்பு முடியவே இல்லை. போர்ட்டோ ரிக்கோ 1898இல் அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1901 முதல் ரெசிடென்ட் கமிஷனரை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் உள்ளே என்னதான் செய்கிறார்?

மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இது புரியும். ஒருவர் மசோதாவை வைக்கிறார். அது ஒரு நிலைக்குழுவுக்குப் போகிறது. நிலைக்குழு என்பது குறிப்பிட்ட ஒரு துறையை மட்டும் பார்க்கும் சின்ன அணி, விவசாயத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று என்று. பெரும்பாலான மசோதாக்கள் அங்கேயே செத்துப்போகின்றன. பிழைப்பவை அங்கேயே வெட்டித் திருத்தப்படுகின்றன. அதன் பிறகுதான் முழுச் சபைக்கு வரும்.

டெலிகேட் மசோதா வைக்கலாம். நிலைக்குழுவில் உட்காரலாம், அங்கே முழு ஓட்டு உண்டு, அது மற்றவர் ஓட்டுக்குச் சமம். அனுபவ வரிசையில் மேலே போய் தலைவராகவும் ஆகலாம். 1991இல் வாஷிங்டனின் டெலிகேட்டாக வந்த எலினார் ஹோம்ஸ் நார்டன் 2019 முதல் 2023 தொடக்கம்வரை நெடுஞ்சாலை, பொதுப் போக்குவரத்துத் துணைக்குழுவுக்குத் தலைவர். நாடு முழுவதற்குமான சாலைச் செலவைத் திட்டமிடும் இடம் அது. சபைத் தளத்திலும் டெலிகேட் பேசலாம், திருத்தம் கொண்டுவரலாம்.

நிலைக்குழுவில் மட்டும் ஓட்டு எப்படி வந்தது? அங்கே எடுப்பது பரிந்துரைதான், சட்டம் ஆவதில்லை. அதனால் அரசியலமைப்பு குறுக்கே நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சபை தன் விதிகளை மாற்றி இந்த உரிமையைக் கொடுத்தது.

முடியாதவை: மசோதாவின் இறுதி வாக்கெடுப்பு, சபாநாயகர் தேர்வு இரண்டிலும் ஓட்டு இல்லை. நிலைக்குழுவில் முடங்கிக் கிடக்கும் மசோதாவை 218 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் வெளியே இழுக்கலாம், அதற்குப் பெயர் டிஸ்சார்ஜ் மனு. அதிலும் டெலிகேட் கையெழுத்துப் போட முடியாது.

வேலையின் பெரும்பகுதி யாரும் படம் எடுக்காத இடங்களில் நடக்கிறது. நார்டன் உழைத்துக் கொண்டுவந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் குறைந்த கட்டணம் வாங்கும், வெளி மாநிலத்தாருக்குப் பல மடங்கு வாங்கும். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் இல்லை. அதனால் அங்கே பிறந்த பிள்ளை எங்கே போனாலும் வெளியூர்ப் பிள்ளைதான். அந்தக் கட்டண வித்தியாசத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர்வரை மத்திய அரசே கட்டும் என்றது அந்தச் சட்டம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு அது என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் இறுதி வாக்கெடுப்பில் நார்டனுக்கு ஓட்டு இல்லை.

சுருக்கமாக: சட்டம் உருவாகும் பாதையில் கடைசிக் கதவைத் தவிர மற்ற பெரும்பாலான கதவுகள் டெலிகேட்டுக்குத் திறந்திருக்கின்றன.

முடிவை மாற்றினால் செல்லாத ஓட்டு

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "டெலிகேட்டுக்கு ஓட்டே இல்லை என்றீர்கள், ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கும், சில பட்டியல்களில்.

முழுச்சபைக் குழு என்று ஒன்று உண்டு. திருத்தங்களைச் சீக்கிரம் விவாதிப்பதற்காகச் சபை முழுவதும் தன்னையே ஒரு குழுவாக மாற்றிக்கொள்ளும். அதே அறை, அதே ஆட்கள், விதிகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். குழுவில் ஓட்டு இருக்கிறது என்றால் இந்தக் குழுவிலும் இருக்கலாமே என்று நார்டன் வாதாடினார். 1993இல் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை அதை ஏற்று விதியை மாற்றியது. குடியரசுக் கட்சியினர் வழக்குப் போட்டார்கள். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது.

ஏன் செல்லும் என்றது என்பதுதான் மனசை உறுத்துகிறது. அந்த விதியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு திருத்தத்தின் வெற்றியோ தோல்வியோ டெலிகேட்டுகளின் ஓட்டால் தீர்மானமானால், உடனே அவர்களை விட்டுவிட்டு மறு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதாவது அந்த ஓட்டு எதையும் மாற்றாதவரை செல்லும், மாற்றிவிட்டால் செல்லாது. இப்படிப்பட்ட ஓட்டு சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தரவில்லை என்பதால் நீதிமன்றம் அதை விட்டுவிட்டது.

அந்த அரை ஓட்டும் நிலைக்கவில்லை. 1995இல் குடியரசுக் கட்சி பெரும்பான்மைக்கு வந்ததும் போனது. 2007இல் ஜனநாயகக் கட்சி திருப்பிக் கொடுத்தது. 2011இல் மறுபடி போனது. 2019இல் மறுபடி வந்தது. அது சபையின் உள்விதி மட்டுமே, ஒவ்வொரு இரண்டு வருஷமும் புதிய பெரும்பான்மை புதிதாக எழுதுவது. ஓட்டுரிமை என்று நினைத்துக்கொண்டிருப்பதை அடுத்த வீட்டுக்காரர் எடுத்துப்போகலாம், திருப்பி வைக்கலாம் என்ற நிலையில் 33 லட்சம் பேரை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குவாம்: ஒரு மசோதாவின் நீண்ட பயணம்

ஓட்டு இல்லாதவர் வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் குவாம். பசிபிக்கில் உள்ள இந்தச் சின்னத் தீவை 1941 டிசம்பரில் ஜப்பான் பிடித்தது. 1944 ஜூலை 21 அன்று அமெரிக்கப் படைகள் திரும்பி வந்து இறங்கும்வரை தீவின் சமோரோ மக்கள் கட்டாய வேலை, முகாம், அடி, கொலை எல்லாவற்றையும் அனுபவித்தார்கள். 1951இல் ஜப்பானோடு போட்ட சமாதான ஒப்பந்தத்தில் அமெரிக்கா தன் மக்களின் இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தது. ஆகவே ஜப்பானிடம் கேட்கவும் வழியில்லை. விட்டுக்கொடுத்த அமெரிக்காதான் ஈடுகட்ட வேண்டும் என்பது தீவு மக்களின் வாதம், நியாயமான வாதம்.

டெலிகேட் ராபர்ட் அண்டர்வுட் 1990களில் இதற்காக மசோதா வைத்தார். அவருக்குப்பின் 2003இல் வந்த மேடலின் பொர்டாலோ தொடர்ந்தார். மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. செனட்டில் குவாமுக்கு ஆளே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கூட்டம் முடிந்து புதிய நாடாளுமன்றம் தொடங்கினால் பழைய மசோதா செத்துவிடும், முதலிலிருந்து வைக்க வேண்டும். அவரும் வைத்தார், திரும்பத் திரும்ப. இதற்கிடையில் முகாமில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முதுமையில் இறந்துகொண்டிருந்தார்கள்.

பொர்டாலோ ராணுவ நிலைக்குழுவில் இருந்தவர். குவாமில் பெரிய ராணுவத் தளங்கள் இருப்பதால் அந்த இடம் அவருக்கு முக்கியம். ஆண்டுதோறும் கட்டாயம் நிறைவேறும் ராணுவச் செலவுச் சட்டத்தில் கடைசியாக 2016 டிசம்பரில் குவாம் இழப்பீடும் ஒரு பகுதியாக ஏறியது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 25,000 டாலர், முகாமிலும் கட்டாய நடையிலும் வதைபட்டவருக்கு 10,000 டாலர் என்று வகைவகையாகத் தொகை. போர் முடிந்து 70 ஆண்டு கடந்திருந்தது.

அந்தச் சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பிலும் பொர்டாலோ பெயர் கிடையாது.

ரெக்கார்டை எப்படிப் படிப்பது?

பெயர்வாரி வாக்கெடுப்பு என்பது யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு பதிவாவது. சபைச் செயலர் அதை உடனுக்குடன் வெளியிடுகிறார். நான்கு பிரிவு: ஆதரவு, எதிர்ப்பு, "வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னவர், வாக்களிக்காதவர். டெலிகேட்டின் பெயர் இறுதி வாக்கெடுப்பின் நான்கு பிரிவிலும் வராது. "வாக்களிக்காதவர்" பிரிவில்கூட வராது. ஆகவே "இத்தனை வாக்கெடுப்புக்கு வரவே இல்லை" என்று ஒரு டெலிகேட்டைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. பெயர் வந்திருந்தால் அது முழுச்சபைக் குழுவின் திருத்த வாக்கெடுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த உரிமை இல்லாத ஆண்டுகளில் அதுவும் வெறுமையாக இருக்கும். 1994இல் இருந்த பெயர் 1995இல் காணவில்லை என்றால் அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று பொருள் இல்லை.

ஒரு டெலிகேட்டை எடைபோட வேண்டுமானால் வேறு இடங்களில் தேட வேண்டும். நிலைக்குழுவில் எப்படி ஓட்டுப் போட்டார், என்ன திருத்தம் வைத்தார் என்று பார்க்கலாம். எந்த மசோதாவுக்கு யார் யாரைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார் என்பது இன்னும் முக்கியம், ஓட்டு இல்லாதவருக்கு மற்றவரின் ஓட்டுதான் கைமுதல். அவருடைய பெயரில் நிறைவேறிய சட்டங்களை மட்டும் எண்ணினாலும் ஏமாந்துபோவோம். குவாம் கதையில் பார்த்தது போல உழைப்பெல்லாம் வேறொரு பெரிய சட்டத்தின் வயிற்றுக்குள் போய்விடும்.

அதே நேரம், உழைப்பு ஓட்டுக்கு ஈடாகாது. 2023இல் வாஷிங்டன் நகர மன்றம் போட்ட குற்றவியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது. பிரதிநிதிகள் சபையில் 250க்கு 173, செனட்டில் 81க்கு 14. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அந்த ஊரின் சட்டத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் 50 மாநிலத்துக்காரர்களுக்கும் ஓட்டு இருந்தது, அந்த ஊர்க்காரருக்கு இல்லை. நார்டன் எழுந்து எதிர்த்துப் பேசினார், உட்கார்ந்தார்.

வாஷிங்டனை 51ஆவது மாநிலமாக்கும் மசோதாவுக்கு எண்ணும் 51தான். வைத்தவர் நார்டன். 2020 ஜூன் 26 அன்று 232க்கு 180 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 2021 ஏப்ரல் 22 அன்று மறுபடி 216க்கு 208. இரண்டு தடவையும் செனட்டில் நின்றுபோனது. அந்த மசோதாவின் பக்கத்தைத் திறந்தால் மேலே, மசோதாவை வைத்தவர் என்ற இடத்தில் நார்டனின் பெயர் இருக்கும். கீழே இறங்கி வாக்கெடுப்புப் பட்டியலை அகர வரிசையில் பாருங்கள். 'என்' எழுத்தில் அவர் பெயர் இல்லை.